வாயில்லாப் பூனைக்கும் மருத்துவம் உண்டு – ஒரு வரலாற்றுப் பார்வை

பிஸ்மிஹி தஆலா

 

நம் அரக்கோணம் நகரில் பூனை நடமாடாத தெரு கிடையாது. சுவால்பேட்டைக் கடைத்தெருவாயினும், பழனிப்பேட்டைச் சந்துகளாயினும், இரயில்வே குடியிருப்புகளாயினும், எவரும் விலை கொடுத்து வாங்காமலேயே வந்து சேர்ந்து, அடுப்படியில் ஓர் இடத்தையும் வீட்டாரின் மனத்தில் ஓர் இடத்தையும் பிடித்துக் கொள்ளும் பிராணி அது. அது நலமாக இருக்கும்வரை பிள்ளைகள் கொஞ்சுகின்றனர். பெண்கள் மீன் தலையை எடுத்து வைக்கின்றனர். அதுவே நோயுற்று, உண்ணாமல், ஒரு மூலையில் சுருண்டு படுத்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். 'பூனை தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக் கொள்ளும்' என்று விட்டுவிடுவது ஒன்று. பூனை புல்லைக் கடித்துத் தின்று கக்குவதையும், குப்பைமேனியின் வேரைக் கண்டால் அதன்மேல் புரள்வதையும் நம் முன்னோர் கவனித்திருக்கின்றனர். அதனாலேயே குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் ஏற்பட்டது. ஆனால் புல் காய்ச்சலைத் தணிக்காது. வேர் புண்ணின் சீழை ஆற்றாது. இரண்டாவது, இரக்க மிகுதியால் நாம் உண்ணும் காய்ச்சல் மாத்திரையில் பாதியை ஒடித்துப் பாலில் கரைத்துப் புகட்டுவது. முதலாவதால் பூனை மெல்ல மெல்லச் சாகிறது. இரண்டாவதால் ஓரிரு நாட்களுக்குள்ளாகவே சாகிறது.

இவ்விரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: 'பூனைக்கென்று தனி மருத்துவம் எதற்கு?' இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் பிராணி மருத்துவம் குதிரையிலும் மாட்டிலும் தொடங்கி, மிகக் கடைசியாகவே பூனையிடம் வந்து சேர்ந்தது. விலையுள்ள பிராணிக்கே வைத்தியம் என்பது உலக வழக்கமாக இருந்தது. ஆனால் நம் மார்க்க அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பயன் தராத பிராணிக்கும் உரிமை உண்டு என்று எழுதி வைத்தனர். இவ்விரு வரலாறுகளையும் சற்று விரிவாகக் காண்போம்.

சாய்க்கப்பட்ட பாத்திரம்

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகளார் கப்ஷா அவர்கள், தம் கணவரின் தந்தையாகிய அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். அப்போது ஒரு பூனை வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகளார் வியந்து நோக்குவதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருவனவற்றில் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ, முவத்தா ஆகிய நூல்களில் இச்செய்தி இடம் பெற்றுள்ளது. இதனைக் கொண்டே ஷாஃபிஈ மத்ஹபில் பூனை வாய் வைத்த நீர் தூய்மையானது எனப்பட்டது. ஹனஃபி மத்ஹபில் வேறு நீர் இருக்கும்போது அதனைப் பயன்படுத்துவது வெறுக்கத்தக்கது எனப்பட்டதேயன்றி, அசுத்தம் எனப்படவில்லை.

பூனையைக் கட்டிப் போட்டு, தானும் உணவளிக்காமல், பூமியில் உள்ள புழு பூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்கு உள்ளானதையும், தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்த மனிதர் மன்னிக்கப்பட்டதையும் புகாரி, முஸ்லிம் நூல்களின் வாயிலாக நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் பூனை ஒன்றை வளர்த்ததாகவும், அது உறங்கியபோது அதனை எழுப்ப மனமின்றித் தம் சட்டைக் கையை வெட்டியதாகவும் ஒரு கதை நாட்டில் உலவுகிறது. ஹதீஸ் நூல்களில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரமுள்ள செய்திகளே நமக்குப் போதுமானவை. கதைகளை நபியவர்களின் பெயரால் சொல்லாதிருப்பது நம் கடமை.

உணவளிப்பது சரி, நோயுற்ற பிராணியின் நிலை என்ன? இதற்கு விடை கூறியவர்களுள் முதன்மையானவர், ஸுல்தானுல் உலமா என்று போற்றப்படும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 660இல், அதாவது கி.பி. 1262இல் கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ சட்டமேதை அவர்கள். 'கவாயிதுல் அஹ்காம்' என்னும் தம் நூலில் மனிதர் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். அவ்வரிசையில் முதலில் நிற்பது, ஒரு பிராணி முதுமையுற்றோ நோயுற்றோ பயன் தராத நிலைக்கு வந்துவிட்ட போதிலும் அதற்குரிய செலவை உரியவர் செய்தாக வேண்டும் என்பதாகும். சக்திக்கு மீறிச் சுமத்தலாகாது, துன்புறுத்தலாகாது என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன.

மாலிக்கி மத்ஹபின் நூல்கள் இன்னும் நுட்பமான ஒரு சட்டத்தைத் தருகின்றன. கண் தெரியாத பூனை ஒன்று ஒருவர் வீட்டில் ஒதுங்கி, அங்கிருந்து போக இயலாத நிலையில் இருந்தால், அதனைப் பராமரிக்கும் செலவு அவ்வீட்டார் மீது கடமையாகிறது. அவர் அப்பூனையை வாங்கவில்லை, வளர்க்க நாடவுமில்லை. அது வந்து தங்கியதே கடமைக்குக் காரணமாகிவிட்டது. இச்சட்டத்தை நம் தெருப் பூனைகளுக்குப் பொருத்திப் பாருங்கள்!

பூனையின் விலையை வாங்குவது தடுக்கப்பட்டதாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பெரும்பான்மை இமாம்கள் அதற்கு வெவ்வேறு விளக்கங்கள் கூறி விற்பனையை அனுமதித்துள்ளனர். எவ்வாறாயினும், பூனை சந்தைப் பொருளாகப் பெரிதும் மதிக்கப்பட்டதில்லை என்பது தெளிவு. விலை இல்லாத அப்பிராணிக்கே இத்தனை சட்டங்கள் எழுதப்பட்டன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கெய்ரோவின் பூனைத் தோட்டம்

இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்களின் இறுதிக் காலத்தில் எகிப்தை ஆளத் தொடங்கியவர் ஸுல்தான் பைபர்ஸ். 1260 முதல் 1277 வரை அவர் ஆட்சி புரிந்தார். கெய்ரோ நகருக்கு வெளியே, தாம் கட்டிய பள்ளிவாசலுக்கு அருகில் இருந்த ஒரு தோட்டத்தின் வருமானத்தை அவர் பூனைகளின் பராமரிப்புக்கென வக்ஃபு செய்தார் என்ற செய்தியை, 19ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கில அறிஞர் 1836இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார்.

காலப்போக்கில் அத்தோட்டம் விற்கப்பட்டுக் கைமாறியது. வக்ஃபின் வருமானம் பெயரளவில் சுருங்கிப் போயிற்று. ஆயினும் நாள்தோறும் அஸர் நேரத்தில் காழியின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு இறைச்சிக் கழிவுகள் போடப்படும் வழக்கம் மட்டும் லேன் காலம் வரை தொடர்ந்தது. சொத்து கைவிட்டுப் போன பின்னும் கடமையை நீதிமன்றம் கைவிடவில்லை. வக்ஃபுச் சொத்துகளைக் காக்கும் பொறுப்பிலுள்ள ஜமாஅத்தார் இச்செய்தியின் இரு பக்கங்களையும் சிந்திக்க வேண்டும்.

குதிரைக்கு வைத்தியர், பூனைக்கு இல்லை

உரிமை இவ்வாறு எழுதப்பட்டிருந்த போதிலும், வைத்தியக் கலை வேறு வழியிலேயே வளர்ந்தது. அரபியில் பிராணி வைத்தியருக்குப் 'பைத்தார்' என்று பெயர். குதிரை வைத்தியர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1248இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை மேதை இப்னுல் பைத்தாரின் பெயருக்கே 'பிராணி வைத்தியரின் மகன்' என்றுதான் பொருள். ஆனால் அந்த வைத்தியம் பெரும்பாலும் போர்க் குதிரைகளுக்கு உரியதாகவே இருந்தது. மம்லூக் ஸுல்தான் நாஸிர் முஹம்மதின் குதிரை வைத்தியர் அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய பெரும் நூலும் குதிரை வளர்ப்பும் குதிரை மருத்துவமும் பற்றியதே.

நம் நாட்டிலும் அவ்வாறே. பிராணிகளுக்கு மருத்துவம் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இருவகை மருத்துவ வசதிகள் செய்யப்பட்டதைக் கூறுகிறது. அவ்வசதிகள் சென்ற நாடுகளுள் சோழர், பாண்டியர் நாடுகளையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பின்னாளில் தமிழில் ஓலைச் சுவடிகளாக எழுதப்பட்ட பிராணி மருத்துவ நூல்களுக்கு வாகடம் என்று பெயர். மாட்டு வாகடம், குதிரை வாகடம், யானை வாகடம் என்று அவை வழங்கின. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் தன்வந்திரி மகாலில் மனிதருக்கும் பிராணிகளுக்கும் மருந்துகள் செய்யப்பட்டன. உருது பேசும் நம் பெரியோர் குதிரை வைத்தியரைச் 'சலோத்ரி' என்பர். சாலிஹோத்திரர் என்ற பழங்கால அசுவ வைத்தியரின் பெயரிலிருந்து வந்த சொல் அது.

ஏர் உழும் மாட்டிற்கும், படை செல்லும் குதிரைக்கும், அரசர் ஏறும் யானைக்கும் வாகடங்கள் பெயர் பெற்றன. வீட்டுப் பூனையின் பெயர் அவ்வரிசையில் இல்லை.

வேப்பேரியும் இராணிப்பேட்டையும்

ஆங்கிலேயர் காலத்திலும் வரிசை மாறவில்லை. ஓசூருக்கு அருகே மத்திகிரியில் 1824இல் கம்பெனியார் தொடங்கிய பண்ணை படைக்கான குதிரை வளர்ப்புக்கே ஏற்பட்டது. மாடுகளைக் கொள்ளை கொள்ளையாகக் கொன்ற வெக்கை நோய் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழு 1871இல் அறிக்கை அளித்தது. அதன் பின்னரே, 1889இல் பூனா நகரில் பிராணி நோய்களுக்கான ஆராய்ச்சிக் கூடம் தொடங்கப்பட்டு, 1893இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது.

நம் மாகாணத்தில் பிராணி மருத்துவக் கல்வி 1903இல் சென்னை வேப்பேரியில், டாபின் ஹால் என்ற பழைய கட்டடத்தில் தொடங்கியது. அதுவே இன்றைய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது, இந்தியாவிலேயே இத்துறைக்கென அமைந்த முதல் பல்கலைக்கழகம் என்ற பெருமை அதற்குக் கிடைத்தது.

இன்று நம் மாவட்டத் தலைநகராக விளங்கும் இராணிப்பேட்டைக்கும் இவ்வரலாற்றில் முக்கிய இடம் உண்டு. 1932இல் அங்கு மாட்டு வெக்கை நோயை எதிர்க்கும் சீரம் மருந்து தயாரிக்கும் நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அது கால்நடை நோய்த் தடுப்பு மருத்துவ நிலையமாக வளர்ந்து பல்வகைத் தடுப்பூசி மருந்துகளை உருவாக்கித் தந்தது. இத்தகைய நிலையங்களின் நெடுங்கால உழைப்பால் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்ட நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை, மற்றொன்று இந்த வெக்கை நோய். இரண்டாவதற்காகப் பாடுபட்ட இடங்களுள் ஒன்று நமக்கு இத்தனை அருகில் இருப்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இந்நிறுவனங்கள் யாவற்றின் பெயரிலும் 'கால்நடை' என்ற சொல்லே நிற்கிறது. ஊர்தோறும் உள்ள அரசு மருந்தகத்தின் பெயர்ப் பலகையிலும் அச்சொல்லே எழுதப்பட்டுள்ளது. கால்நடை என்றால் ஆடும் மாடும்தானே என்று எண்ணி, பூனையை அங்கே எடுத்துச் செல்லலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு பெயர்ப் பலகைச் சொல், நூற்றாண்டுப் பழைய வரிசையை இன்றும் நம் மனத்தில் காத்து வருகிறது.

பூனையின் முறை வந்த விதம்

பூனைக்கு மருத்துவமனை வாயில் திறந்தது பெரும்பாலும் இரக்கமுள்ள தனிமனிதர்களாலேயே. பம்பாயில் பார்சி வள்ளல் தின்ஷா பெட்டிட் அவர்களின் கொடையால், அவர் துணைவியார் சாகர்பாய் பெயரில் 1880களில் ஒரு பிராணி மருத்துவமனை எழுந்தது. இலண்டனில் முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்த 1917ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மரியா டிக்கின் என்ற பெண்மணி, ஏழைகள் மிகுந்த வொயிட்சேப்பல் பகுதியில் ஒரு நிலவறையில் இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்தார். வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைகள் தங்கள் பூனைகளையும் நாய்களையும் கழுதைகளையும் கொண்டு வந்து வரிசையில் நின்றனர். ஏழைக்குத் தன் பிராணி மீது பாசம் குறைவு என்று எண்ணியிருந்தோர்க்கு அவ்வரிசையே விடையாயிற்று.

அதன் பின்னரே பூனையின் நோய்கள் ஆராய்ச்சிக்கு உரியனவாயின. பூனைக்குட்டிகளை ஈற்றோடு கொல்லும் வாந்தி பேதி நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது 1928இல்தான் நிறுவப்பட்டது. இன்று அதற்குத் தடுப்பூசி உண்டு. பூனை மருத்துவத்திற்கென்றே ஓர் ஆலோசனை அமைப்பு பிரிட்டனில் 1958இல் தோன்றியது. அடுத்த ஆண்டே, அதாவது 1959இல், விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியை ஒட்டி 1960இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேண உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அச்சட்டம் விதிக்கும் கடமை. இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்கள் எழுதியதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் நாட்டுச் சட்டமும் அதனருகே வந்து நின்றது எனலாம்.

மனித மாத்திரை ஏன் நஞ்சாகிறது?

இனி நம் இல்லங்களில் நடக்கும் பிழைக்கு வருவோம். பாரசிட்டமால் என்னும் மருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆய்வுக் கூடத்தில் உருவாக்கப்பட்டது. 1950களில்தான் அது கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது. அது இல்லாத வீடு இன்று அரிது. குழந்தைக்கே கொடுக்கிறோம், பூனைக்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்தே பிறக்கிறது.

நம் ஈரல், இம்மருந்தை ஒருவகைச் சர்க்கரைப் பொருளோடு சேர்த்துக் கரைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. அவ்வேலையைச் செய்யும் நொதி பூனையின் ஈரலில் இல்லை. அதனை உண்டாக்கும் மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போயிருப்பதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இறைச்சியை மட்டுமே உண்டு வாழும் பிராணிக்கு, தாவர நச்சுகளை முறிக்கும் அவ்வேலை தேவைப்படாமல் போயிற்று என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆகவே மருந்து வெளியேறாமல் தங்கி, இரத்தத்தின் செந்நிறத்தையே மாற்றிவிடுகிறது. பூனையின் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு திணறும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறிக்கப் போதும். அரை மாத்திரையும் ஆபத்தே. எப்பெயரில் விற்கப்பட்டாலும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் பாரசிட்டமால் பூனைக்கு ஆகாது. தெரியாமல் கொடுத்துவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். முறிவு மருந்து உண்டு. ஆனால் காலம் கடந்தால் பயனில்லை.

இதே காரணத்தால் தரை கழுவும் ஃபீனாயிலும் பூனைக்கு நஞ்சாகும். ஈரத் தரையில் நடந்து, பின் தன் பாதத்தை நக்கும் பழக்கம் உள்ள பிராணி அது. நாய்க்குப் பூசும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனையின் நரம்பைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும்.

அதே வேளையில், ஆய்வின் வழியே வந்த மருந்து உயிர் காப்பதையும் அண்மைக் காலம் காட்டியுள்ளது. பூனையின் வயிற்றில் நீர் கோத்துக் கொல்லும் ஒரு கொரோனா வைரஸ் நோய் 1963இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத நோயாகவே இருந்தது. 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், புதிய மருந்து பெற்ற 31 பூனைகளுள் 25 பிழைத்து வாழ்ந்தன. மனிதருக்குக் கொரோனா காலத்தில் தரப்பட்ட ரெம்டெசிவிர் மருந்தின் நெருங்கிய உறவு மருந்து அது. மருந்தை அறிந்தவர் அளவறிந்து தருவதற்கும், நாமாகவே கணித்துத் தருவதற்கும் உள்ள வேறுபாடு இவ்விரு செய்திகளிலும் விளங்கும்.

வீட்டில் மருந்து கொடுக்கும் முறை

மருத்துவர் எழுதித் தந்த மருந்தை வீட்டில் கொடுப்பதும் ஒரு கலையே. முன்னோர் மாட்டிற்கு மூங்கில் குழாயால் மருந்து புகட்டினர். குழந்தைக்குச் சங்கையும் பாலாடையையும் பயன்படுத்தினர். பூனைக்கு ஏற்றது ஊசி நீக்கிய சிறு சிரிஞ்சு.

பூனையை அமைதியான அறைக்குக் கொண்டு சென்று, தடித்த துண்டில் தலை மட்டும் வெளியே தெரியுமாறு சுற்றிக் கொள்ள வேண்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் மருந்து கொடுப்பது நலம். மாத்திரையாயின், ஒரு கையால் தலையின் மேற்புறத்தைப் பற்றிச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, மறு கையால் கீழ்த் தாடையைத் திறந்து, நாவின் அடிப்புறத்தில் வைத்து வாயை மூடித் தொண்டையை மெல்லத் தடவிவிட வேண்டும். உடனே சிரிஞ்சால் ஏறத்தாழ 5 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். நீரின்றி விழுங்கிய மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளில் இவ்வாபத்து மிகுதி. நீர்ம மருந்தாயின், கன்னத்தின் பக்கவாட்டில் சிரிஞ்சை வைத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். தலையை அண்ணாக்கச் செய்து ஊற்றினால் மூச்சுக் குழாயில் இறங்கிவிடும்.

பாலில் கலந்து கொடுக்கும் வழக்கத்தைத் தவிர்ப்பது நன்று. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிக்காது. சில மருந்துகளின் ஆற்றலையும் பால் கெடுத்துவிடும். மாத்திரையைப் பொடியாக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இரண்டு நாளில் பூனை எழுந்து நடமாடினாலும், சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தலாகாது. மருந்து கொடுக்கும்போது பூனை வாந்தி எடுத்து உடையில் பட்டால், வாந்தி நஜிஸ் ஆகையால் அவ்விடத்தைக் கழுவிய பின்னரே தொழ வேண்டும். உமிழ்நீர் பட்டால் அக்கவலை இல்லை.

இப்பணியில் கடியும் கீறலும் நேரக்கூடும். வெறிநோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் பரவும். ஒரு காலத்தில் தென்னாட்டில் இதற்கு மருத்துவமே இல்லை. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பின்னரே இங்குள்ளோர்க்கு அது எட்டியது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியோர் அஞ்சிய, ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இன்றைய தடுப்பூசி கையிலேயே சில தவணைகளில் போடப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காயத்தின்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிவிட்டு இருந்துவிடலாகாது. பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு என்பதை நினைவிற் கொள்க.

நம் கடமை

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னாட்டின் முதல் இரயில், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை நம் அரக்கோணம் வழியாகவே ஓடியது. அதே பாதையில் இன்று சென்னை சென்ட்ரலுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. அங்கிருந்து வேப்பேரிக் கால்நடை மருத்துவமனை மிக அருகில். பூனைகளுக்கும் அங்கு வைத்தியம் உண்டு. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர், முதலில் அண்மையிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாடலாம். காற்றோட்டமுள்ள ஒரு கூடையும் ஒரு துண்டும் இருந்தால் பூனையை எடுத்துச் செல்லப் போதும்.

அன்பர்களே! பூனை தன் நோயைச் சொல்லாது. வைத்தியர் வேண்டும் என்று கேட்காது. பிழைத்தபின் நமக்குச் சம்பாதித்துத் தரவும் போவதில்லை. விலையுள்ளதற்கே வைத்தியம் என்ற உலக வழக்கத்தில் அது கடைசி இடத்தில் நின்றது. நம் கித்தாபுகளிலோ, கண் தெரியாமல் வந்து ஒதுங்கிய பூனைக்கும் இடம் இருந்தது. அவ்விடத்தை நம் வீடுகளிலும் கொடுப்போமாக. குறைந்தது, இவ்வாண்டு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த எந்த வீட்டிலும் அறியாமையால் ஒரு பூனை நம் மாத்திரையால் மடியாதிருக்கட்டும். இதனை வாசித்தவர்கள் வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். மருந்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

வல்ல நாயன், வாயில்லாப் படைப்புகளின் உரிமைகளையும் அறிந்து நிறைவேற்றும் நற்பேற்றினை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.